"ஐடிஐக்குத்தான் போகணும்" என்று சொல்வதை நிறுத்தினேன்

மூன்று ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று, எங்கள் ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சார், பையன் எவ்வளவு?"

என் மகன் நான் வேலை பார்க்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் படித்தான். பத்தாம் வகுப்பில் அவனுக்குக் கணிதம் எடுத்தவனும் நான்தான். ஐந்நூறுக்கு 243. கணிதத்தில் 41. எண்ணைச் சொல்லிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் வகுப்பறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாலையில் வீட்டில் பேச்சு தொடங்கியது. எந்தப் பிரிவில் சேர்க்கலாம், யாரிடம் டியூஷன் அனுப்பலாம் என்று நானும் அவன் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்தவன், "ப்ளஸ் ஒன் வேண்டாம்ப்பா. ஐடிஐக்குப் போறேன். ஃபிட்டர்" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாத்தியார் பிள்ளை ஐடிஐக்குப் போறான்னு ஊருக்குள்ள சொல்லவா?" என்று கேட்டேன். அவன் எதிர்த்துப் பேசுகிற பையன் இல்லை. மெதுவாகத்தான் சொன்னான். "நீங்கதானப்பா கிளாஸ்ல சொல்லுவீங்க, கணக்கு வரலன்னா ஐடிஐக்குத்தான் போகணும்னு. எனக்குக் கணக்கு வரல. அதான் போறேன்."

அந்த வாக்கியத்தை நான் பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். திருத்திய விடைத்தாளைக் கொடுக்கும்போது சொல்வேன். வீட்டுப்பாடம் செய்யாதவனை நிற்க வைத்துச் சொல்வேன். படிக்க வைப்பதற்காகத்தான் சொன்னேன். ஆனால், அதை என் மகன் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

பிறகு வந்த மூன்று ஆண்டுகளில் ஒரு தகப்பனாக நான் கற்றுக்கொண்டவற்றை, ஆசிரியர்களான நமக்குப் பயன்படும் என்று நினைத்து இங்கே எழுதுகிறேன்.

பயமுறுத்தப் பயன்படும் சொல்

மகன் கேட்டானே என்று ஒருநாள் அவனோடு பேட்டையில் இருக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போனேன். எத்தனையோ ஆண்டுகளாக அந்த வழியாகப் பேருந்தில் போய் வருகிறவன் நான். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. என்ன பிரிவுகள் இருக்கின்றன, எத்தனை ஆண்டுப் படிப்பு, முடித்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்று எதுவும் தெரியாமல்தான், அந்த இடத்தின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறேன்.

இதில் இரண்டு கெடுதல்கள் இருக்கின்றன. கையால் வேலை செய்வதில் உண்மையான விருப்பம் உள்ள பிள்ளை, அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறது. வேறு வழியில்லாமல் அங்கே போய்ச் சேரும் பிள்ளையோ, "நான் தோற்றவன்" என்ற நினைப்போடுதான் முதல் நாள் வாசலில் நிற்கிறது. அந்த நினைப்போடு போகிறவன் சின்னச் சிரமம் வந்தாலும் நின்றுவிடுகிறான். அவன் நின்ற செய்தி நம் காதுக்கு வருவதில்லை. மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததோடு நம் பதிவேட்டில் அவன் கணக்கு முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் அங்கே தெரிந்துகொண்டேன். கேட்டவுடன் இடம் கிடைத்துவிடும் என்று நினைத்துப் போயிருந்தேன். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளுக்குப் போட்டி இருந்தது. 243 மதிப்பெண்ணுக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை. பின்னால் நடந்த சேர்க்கையில்தான் ஃபிட்டர் கிடைத்தது. நான் கடைசி இடம் என்று சொல்லி வந்த இடத்துக்கு என் மகன் வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்புக்குப் பின் உள்ள மூன்று தொழில் வழிகள்

பெற்றோர் நம்மிடம் கேட்கும்போது மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஐடிஐ என்று நாம் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையம். இது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் கீழ் வருகிறது. குறைந்தபட்ச வயது 14. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் போன்றவை இரண்டு ஆண்டுகள். இவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், வயர்மேன், தையல் தொழில்நுட்பம் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வெல்டர் ஓராண்டு, வயர்மேன் இரண்டு ஆண்டுகள். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது என்பதைப் பல பெற்றோர் அறியமாட்டார்கள்.

அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, பாடநூல், வரைபடக் கருவிகள், பேருந்துப் பயண அட்டை ஆகியவை தமிழக அரசால் வழங்கப்படுகின்றன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இப்போது 71 அரசு நிலையங்கள் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தப்பட்டு, மின்வாகனப் பராமரிப்பு, ரோபோ தொழில்நுட்பம், உயர்தர சிஎன்சி இயந்திரப் பயிற்சி போன்ற புதிய பிரிவுகள் வந்துள்ளன.

இரண்டாவது, பாலிடெக்னிக். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் மூன்று ஆண்டு டிப்ளமோ. இதில் கணிதம், இயற்பியல் உள்ளிட்ட எழுத்துத் தேர்வுகள் கணிசமாக உண்டு. தேர்வு என்றாலே தளர்ந்துபோகும் பிள்ளையைப் பெயருக்காக இங்கே தள்ளினால், நிலுவைத் தாள்கள்தான் சேரும்.

மூன்றாவது, நம் மேல்நிலைப் பள்ளிகளிலேயே உள்ள தொழிற்கல்விப் பிரிவு. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொடங்கியது இது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், வேளாண் அறிவியல், செவிலியம் போன்ற பாடங்கள் உண்டு. பள்ளிச் சூழலை விட்டுப் போக மனமில்லாத, ஆனால் செய்முறையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது ஏற்றது. பிரிவு எல்லாப் பள்ளிகளிலும் இல்லை என்பதால், பக்கத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று நாம்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

உள்ளே கணக்கு இல்லையா?

கணக்கு வராதவன் போகும் இடம் என்று நான் சொல்லி வந்தேன் அல்லவா? சேர்ந்த சில வாரங்களில் ஒரு நாள் இரவு என் மகன் நோட்டோடு வந்து நின்றான். "பத்து மில்லிமீட்டர் ட்ரில் பிட். வெட்டும் வேகம் நிமிஷத்துக்கு 25 மீட்டர். மெஷினை எத்தனை சுத்துல வைக்கணும்ப்பா?"

நான் அவனிடம் கேட்டேன், பிட் ஒரு சுற்று சுற்றினால் அதன் விளிம்பு எவ்வளவு தூரம் போகும் என்று. யோசித்தான். "வட்டத்தோட சுற்றளவு" என்றான். பை பெருக்கல் 10, ஏறத்தாழ 31.4 மில்லிமீட்டர். 25 மீட்டர் என்பது 25,000 மில்லிமீட்டர். வகுத்தால் கிட்டத்தட்ட 796 சுற்று. இயந்திரத்தில் அதற்கு நெருக்கமான வேகம் எதுவோ அதில் வைக்க வேண்டும்.

வட்டத்தின் சுற்றளவை அவனுக்கு வகுப்பில் நடத்தியவன் நான். அப்போது அவனுக்கு அது ஒரு சூத்திரம். இப்போது வேகத்தைத் தப்பாக வைத்தால் பிட் கருகிவிடும் என்று தெரிந்ததால், அந்தக் கணக்கு அவனுக்குத் தேவைப்பட்டது. அன்று அவன் இரண்டாவது கணக்கைக் கேட்டு வாங்கிப் போட்டான். 41 வாங்கிய பையன்.

தொழிற்பிரிவுச் செய்முறை, தொழிற்பிரிவுக் கோட்பாடு, பட்டறைக் கணக்கும் அறிவியலும், பொறியியல் வரைபடம், வேலைவாய்ப்புத் திறன் ஆகியவையெல்லாம் அங்கே பாடங்கள். பட்டறைக் கணக்கில் பின்னம், தசமம், விகிதம், வர்க்கமூலம், பரப்பளவு, கனஅளவு, முக்கோணவியல் எல்லாம் வருகின்றன. ஆறு முதல் பத்து வரை நாம் நடத்துகிறவைதான். நம் ஆய்வகத்து வெர்னியர் 0.1 மில்லிமீட்டர் வரை அளக்கும். பட்டறையில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். கோட்பாட்டுத் தேர்வில் 33 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. செய்முறையில் 60 விழுக்காடு வேண்டும். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

முதல் மூன்று மாதம்

உண்மையான சோதனை சேர்ந்த பிறகுதான் வந்தது. ஃபிட்டர் பிரிவில் தொடக்கம் முழுக்க அரத்தால் ராவும் வேலை. இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, நின்ற நிலையில், மேற்பரப்பு சமமாகும் வரை ராவ வேண்டும். சமமாகிவிட்டது என்று நினைத்து மட்டத்தை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். மறுபடி ராவ வேண்டும். மூன்றாவது வாரம் அவன் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். ஒரு திங்கட்கிழமை எழுந்திருக்கவில்லை. செவ்வாயும் போகவில்லை. "மெஷினைத் தொடவே விடல. ராவுறது மட்டும்தான். இதுக்கா போனேன்?" என்றான்.

"அப்பவே சொன்னேனே" என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவன் படிப்பு அன்றோடு முடிந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். சொல்லாமல் அடக்கிக்கொண்டு, அவனுடைய பயிற்றுநரைப் போய்ப் பார்த்தேன்.

அவர் சிரித்தார். "சார், எல்லா பேட்ச்லயும் இந்த நேரத்துல நாலு பேர் இப்படித்தான் வராம இருப்பாங்க. ராவ ராவத்தான் கைக்கு அளவு தெரியும். கைக்கு அளவு தெரியாதவனை மெஷின்கிட்ட விட முடியாது. இந்த ரெண்டு மாசத்தைத் தாண்டிட்டா பையன் நின்னுருவான். வீட்டுல மட்டும் எதுவும் சொல்லிராதீங்க."

அதை அப்படியே மகனிடம் சொன்னேன். ராவுவது தண்டனை இல்லை, பாடத்தின் முதல் படி என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அல்லது சொன்னபோது அவன் காதில் விழவில்லை. புதன்கிழமை போனான். 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும் என்பதால், அந்த இரண்டு நாளோடு விடுப்பை நிறுத்திக்கொண்டான்.

இந்தக் கட்டத்தில் பிள்ளைகளுக்கு வரும் சிரமங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. நாள் முழுதும் நிற்பதால் வரும் உடல் அசதி. கருவிகளின் ஆங்கிலப் பெயர்கள். வரைபடத்தைப் பார்த்துப் பொருளைக் கற்பனை செய்ய முடியாமை. பள்ளித் தோழர்கள் சீருடையோடு ப்ளஸ் ஒன் போவதைப் பேருந்து நிறுத்தத்தில் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதுதான் என் மகனை அதிகம் வருத்தியது. அதற்கு மருந்து யாரிடமும் இல்லை. ஒரு நாள் அவனுடைய பழைய தமிழாசிரியை பேருந்தில் பார்த்து, "என்னப்பா, இப்ப என்ன செய்யக் கத்துக்கிட்ட?" என்று கேட்டிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் அதையே பேசினான். நம் சக ஆசிரியர் ஒருவர் கேட்ட ஒரு கேள்விக்கு அவ்வளவு பலம் இருந்தது.

"இதோடு படிப்பு முடிந்துவிடுமா?"

பெற்றோர் எல்லாரும் கேட்பது இது. நானும் கேட்டேன். முடிவதில்லை.

இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர் பத்தாம் வகுப்பின் மொழித் தாள்களை எழுதித் தேர்ச்சி பெற்றால் பத்தாம் வகுப்புக்கு இணையாகவும், பத்தாம் வகுப்புக்குப் பின் முடித்தவர் பன்னிரண்டாம் வகுப்பின் மொழித் தாள்களில் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகவும் கருதத் தமிழக அரசின் ஆணை இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நிறுவனங்களில் உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். ரயில்வேயில் டெக்னீஷியன், உதவி ரயில் ஓட்டுநர் பணிகளுக்கு ஐடிஐ தகுதி கேட்கிறார்கள்.

தனியார் நிலையத்தில் சேர்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. பிள்ளை சேரப்போகும் தொழிற்பிரிவுக்குத் தேசிய அளவிலான அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

என் மகனுக்குச் செய்ததை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்யவில்லையே என்ற உறுத்தலில் சிலவற்றைத் தொடங்கினேன். பெரிய வேலை எதுவும் இல்லை.

ஒன்று, ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு நாள் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்துக்குத் தலைமையாசிரியர் அனுமதியோடு பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் வர வேண்டும். தேறாதவர்களை மட்டும் அழைத்துப்போனால் அதுவும் பயமுறுத்தலாகிவிடும்.

இரண்டு, பத்தாம் வகுப்பு ஜனவரி மாதத்துக்குள் மதிப்பெண் பட்டியலுக்கும் ஆதாருக்கும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். சாதிச் சான்றிதழையும் எடுத்துவைக்கச் சொல்கிறேன். சேர்க்கைக் காலத்தில் இவற்றால் அலைபவர்கள் அதிகம்.

மூன்று, தேர்வு முடிவு வந்த வாரத்தில் தவறிய பிள்ளைகளின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். துணைத்தேர்வு, எட்டாம் வகுப்புத் தகுதிப் பிரிவு இரண்டையும் சொல்கிறேன்.

நான்கு, ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்ந்த பிள்ளைகளின் எண்களைத் தனியாக எழுதிவைத்து, முதல் மூன்று மாதத்தில் இரண்டு தடவையாவது பேசுகிறேன். "ஒழுங்கா போறியா?" என்று கேட்பதில்லை. "என்ன செஞ்ச?" என்று கேட்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கணிதத்தில் தவறினாள். துணைத்தேர்விலும் தேறவில்லை. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். மகளையும் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார். நான் போய்ப் பேசியபோது, "பொம்பளப் பிள்ளைக்கு வயர் வேலை எதுக்கு சார்?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. மறுநாள் இருவரையும் நிலையத்துக்கு வரச் சொன்னேன். அங்கே பயிற்சியில் இருந்த இரண்டு பெண்களிடம் அந்த அம்மாவே அரை மணி நேரம் பேசினார். இப்போது அந்தப் பெண் வயர்மேன் பிரிவில் படிக்கிறாள். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளை மறுபடி எழுதவும் தயாராகிறாள். சனிக்கிழமை சந்தேகம் கேட்க வருகிறாள். தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. படிப்பை விடவில்லை என்பது தெரியும்.

என் மகன் ஐடிஐ முடித்து, ஒரு தொழிற்சாலையில் பழகுநர் பயிற்சியும் முடித்திருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு மொழித் தாள்களில் தமிழில் தேறிவிட்டான். ஆங்கிலம் பாக்கி. பாலிடெக்னிக்குப் போவதா, வேலையில் சேர்வதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். இந்த முறை நான் முந்திக்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

முதல் ஆண்டில் அவன் ராவிய ஓர் இரும்புத் துண்டு என்னிடம் இருக்கிறது. அளவு தவறிப்போனதால், வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிப் பயிற்றுநர் கொடுத்தது. தசமக் கணக்கு நடத்தும்போது அதையும் ஒரு வெர்னியரையும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். பக்கம் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், எவ்வளவு தவறியிருக்கிறது என்று பிள்ளைகள் அளந்து சொல்ல வேண்டும். கணக்கில் பின்தங்கியவர்கள்தான் முதலில் கை நீட்டுகிறார்கள்.

"இதை யார் சார் செஞ்சது?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். "என் மகன். ஐடிஐயில படிச்சான்" என்று சொல்கிறேன். முதல் ஆண்டு அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியது. இப்போது இறங்குவதில்லை.